எனக்கும் அதையே எழுதிக்கோங்க

கல்லூரியில் புள்ளியியல் கற்பிக்கும் எனக்கு ஆண்டுதோறும் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரையிலான மாதங்கள் பிறருடைய ஆய்வேடுகளோடுதான் கழிகின்றன. சமூகப்பணி, வணிகவியல், கல்வியியல் என்று வெவ்வேறு துறைகளில் ஆய்வு செய்கிறவர்கள், தரவுப் பகுப்பாய்வு இடம்பெறும் நான்காம் இயலை முடித்தாக வேண்டிய நெருக்கடியில், அச்சிட்ட அட்டவணைகளோடு வந்து அமர்வார்கள். சில ஆண்டுகளுக்கு முன் அப்படி வந்த ஒரு சமூகப்பணி ஆய்வு மாணவியின் அட்டவணைகளைப் பற்றித்தான் இங்கே எழுத நினைக்கிறேன். மகளிர் சுய உதவிக் குழு உறுப்பினர்கள் தங்கள் தேவைகளுக்கு எங்கெங்கே கடன் வாங்குகிறார்கள் என்பது அவருடைய ஆய்வு. குழுக் கடன், வங்கி, வாரத் தவணை வசூலிக்கும் நுண்கடன் நிறுவனம், நகை அடகு, வட்டிக்காரர், உறவினர் என்ற வகைகளை ஒரு பக்கமும், வயது, கல்வி, வருமானம், குடும்ப அளவு போன்றவற்றை மறுபக்கமும் வைத்து, எஸ்பிஎஸ்எஸ் மென்பொருளில் ஒவ்வொன்றாக, இரண்டுக்கும் தொடர்பு உண்டா என்று பார்க்கும் கை-வர்க்கச் (chi-square) சோதனை நடத்தியிருந்தார்.

ஒவ்வோர் அட்டவணைக்கும் கீழே ஒரே வார்ப்பில் ஒரு வாக்கியம் இருந்தது: கல்வி நிலைக்கும் கடன் பெறும் இடத்துக்கும் தொடர்பு இல்லை என்ற இன்மைக் கருதுகோள் 5 சதவீத மிகைகாண் நிலையில் நிராகரிக்கப்படுகிறது. (தொடர்பே இல்லாதபோதும் இவ்வளவு வேறுபாடு தற்செயலாக வரும் வாய்ப்பு நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவு என்பது இதன் பொருள்.) அடுத்த பக்கத்தில் கல்வி என்ற சொல் மட்டும் மாறி வருமானம் என்று இருந்தது. "எவ்வளவு படிச்சவங்க எங்க கடன் வாங்குறாங்கம்மா?" என்று கேட்டேன். அவர் அட்டவணையைக் குனிந்து பார்த்துவிட்டு, "அது சொல்லத் தெரியலை மேடம், ஆனா தொடர்பு இருக்குன்னு வந்திருக்கு" என்றார். இதில் அவர் மீது குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சோதனையின் விடையை எழுதி முடித்ததும் அடுத்த கணக்குக்குப் போய்விடுவதைத்தான் நாங்கள் வகுப்பறையில் பழக்கியிருக்கிறோம்.

கை-வர்க்கச் சோதனை கேட்கும் கேள்வி மிகச் சிறியது. ஒவ்வொருவரைப் பற்றியும் இரண்டு செய்திகளை, இரண்டையும் வகைகளாக, நாம் குறித்து வைத்திருக்கிறோம். இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாமல் இருந்தால் குறுக்கு அட்டவணையின் ஒவ்வொரு கட்டத்திலும் எத்தனை பேர் விழுந்திருப்பார்கள், இப்போது எத்தனை பேர் விழுந்திருக்கிறார்கள், இந்த வேறுபாடு தற்செயலால் வரக்கூடிய அளவுதானா என்பதை மட்டுமே அது கேட்கிறது. எங்கே வேறுபாடு, எந்தத் திசையில், எவ்வளவு பெரிது, ஏன் என்ற எதையும் அது கேட்பதில்லை. அவற்றையெல்லாம் கட்டங்களுக்குள் இறங்கித்தான் தேட வேண்டும். அன்று அந்த மாணவிக்கு இதைக் காட்ட, நான் வகுப்பில் வழக்கமாகப் பயன்படுத்தும் ஓர் அட்டவணையை எடுத்தேன்.

அமெரிக்காவின் டெலாவர் பல்கலைக்கழகத்து மாணவர்கள் 592 பேரின் முடி நிறத்தையும் கண் நிறத்தையும் தொகுத்த கணக்கெடுப்பு அது. ரொனால்ட் ஸ்னீ என்ற புள்ளியியலாளர் 1974-ல் வெளியிட்ட அந்தத் தரவு, ஆர் மென்பொருளுடனேயே வருவதால், உலகெங்கும் வகுப்பறைகளில் புழங்குகிறது. முடியில் கருப்பு, பழுப்பு, சிவப்பு, பொன்னிறம் என்று நான்கு வகை. கண்ணில் பழுப்பு, நீலம், ஹேசல் எனப்படும் பச்சை கலந்த பழுப்பு, பச்சை என்று நான்கு வகை. ஆக 16 கட்டங்கள். எங்கள் வகுப்பில் இதே கணக்கெடுப்பை நடத்தினால் எல்லோரும் ஏறக்குறைய ஒரே கட்டத்துக்குள் வந்துவிடுவார்கள். எல்லோரும் ஒரே விடை சொல்லும் கேள்வியிலிருந்து எந்தத் தொடர்பையும் கண்டுபிடிக்க முடியாது என்பதை மாணவர்கள் வினாநிரல் தயாரிக்கும்போதே உணர வேண்டும் என்பதற்காக, இதை ஒவ்வொரு முறையும் சொல்லிவிட்டுத்தான் கணக்குக்குள் போவேன்.

592 பேரில் பொன்னிற முடி உள்ளவர்கள் 127 பேர். நீலக் கண் உள்ளவர்கள் 215 பேர். முடிக்கும் கண்ணுக்கும் தொடர்பே இல்லை என்று வைத்துக்கொண்டால், மொத்தத்தில் பொன்னிற முடிக்கு என்ன பங்கோ அதே பங்குதான் நீலக் கண்ணர்களிடையேயும் இருக்க வேண்டும். எனவே 127-ஐ 215-ஆல் பெருக்கி 592-ஆல் வகுத்தால் வரும் 46.1 என்பதுதான் அந்தக் கட்டத்துக்கு எதிர்பார்க்கப்படும் நிகழ்வெண். உண்மையில் அங்கே இருந்தவர்கள் 94 பேர், அதாவது இரு மடங்குக்கும் மேல். வேறுபாட்டை வர்க்கப்படுத்தி, எதிர்பார்க்கப்படும் நிகழ்வெண்ணால் வகுத்தால் 49.7 வருகிறது. இப்படி 16 கட்டங்களுக்கும் கண்டு கூட்டினால் 138.29. இந்த அளவிலான அட்டவணைக்கு 5 சதவீத நிலையில், தற்செயல் என்று விட்டுவிடக்கூடிய எல்லைக் கோடு 16.92 என்பதால், தொடர்பு இல்லை என்ற கருதுகோள் நிற்க வழியே இல்லை.

பெரும்பாலான ஆய்வேடுகள் இந்த இடத்தோடு நின்றுவிடும். நான் மாணவியிடம் 138.29 எந்தெந்தக் கட்டங்களிலிருந்து வந்தது என்று எழுதிப் பார்க்கச் சொன்னேன். பொன்னிற முடியும் நீலக் கண்ணும் சேர்ந்த கட்டத்திலிருந்து 49.7. பொன்னிற முடியும் பழுப்புக் கண்ணும் சேர்ந்த கட்டத்தில் 47 பேரை எதிர்பார்த்த இடத்தில் 7 பேர்தான் இருந்தார்கள் என்பதால் அங்கிருந்து 34.2. கருப்பு முடியும் பழுப்புக் கண்ணும் சேர்ந்த கட்டத்தில் 40 பேருக்குப் பதிலாக 68 பேர் இருந்ததால் 19.3. மூன்று கட்டங்கள் மட்டுமே மொத்தத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கைத் தந்துவிட்டன. மாறாக, பழுப்பு முடி உள்ள 286 பேரின் நான்கு கட்டங்களும் சேர்ந்து தந்தது 7.3 மட்டுமே. கணக்கெடுப்பில் இருந்தவர்களில் பாதிக்குச் சற்றே குறைவானவர்கள், தொடர்பு இல்லாவிட்டால் எப்படிப் பரவியிருப்பார்களோ ஏறத்தாழ அப்படியேதான் பரவியிருக்கிறார்கள். முடி நிறத்துக்கும் கண் நிறத்துக்கும் தொடர்பு உண்டு என்ற பொதுவான ஒற்றை வாக்கியம் இவ்வளவையும் மூடி மறைத்துவிடுகிறது. மாணவி கால்குலேட்டரை வைத்துவிட்டு, தன் கல்வி அட்டவணையைத் தானாகவே முன்னால் இழுத்துக்கொண்டார்.

இந்தச் சோதனையை ஆங்கிலேயப் புள்ளியியலாளர் கார்ல் பியர்சன் 1900-ல் வெளியிட்டார். அந்தக் கட்டுரையில் அவர் எடுத்துக்கொண்ட தரவுகளில் ஒன்று, வெல்டன் என்ற விலங்கியலாளர் 12 பகடைகளை 26,306 முறை உருட்டிக் குறித்து வைத்த எண்ணிக்கை. பகடை ஒழுங்கானதா என்று கேட்பதும், இரண்டு பண்புகள் தொடர்புடையவையா என்று கேட்பதும் ஒரே கணக்குக்குள் அடங்கின. ஆனால் குறுக்கு அட்டவணையில் அந்தக் கூட்டுத்தொகையை எந்த எல்லைக் கோட்டோடு ஒப்பிட வேண்டும் என்பதில் பியர்சன் தவறிவிட்டார். இரண்டுக்கு இரண்டு அட்டவணையின் நான்கு கட்டங்களில் மூன்றைச் சுதந்திரமாக நிரப்பலாம் என்று அவர் கொண்டார். வரிசைகளின் கூட்டுத்தொகையும் நெடுவரிசைகளின் கூட்டுத்தொகையும் தரவிலிருந்தே எடுக்கப்பட்டிருப்பதால், ஒரு கட்டத்தை நிரப்பியதுமே மற்ற மூன்றும் தாமாக நிரம்பிவிடும், எனவே சுதந்திரமாக நிரப்பக்கூடிய கட்டங்களின் எண்ணிக்கையான கட்டின்மை எண் ஒன்றுதான் என்று ரொனால்ட் ஃபிஷர் 1922-ல் காட்டினார். இதன் விளைவு சிறியதல்ல. கட்டின்மை எண் மூன்று என்றால் எல்லைக் கோடு 7.81, ஒன்று என்றால் 3.84. இடையில் விழும் ஒரு விடையைப் பியர்சனின் வழியில் தற்செயல் என்று தள்ளுபடி செய்வோம், ஃபிஷரின் வழியில் தொடர்பு என்று ஏற்போம். பியர்சன் இதை ஒப்புக்கொள்ளவில்லை. பின்னர் அவருடைய மகன் ஈகான் பியர்சன் வேறு காரணத்துக்காகத் தொகுத்திருந்த, கிட்டத்தட்ட 12,000 நான்கு கட்ட அட்டவணைகளையே எடுத்து, அவற்றின் கை-வர்க்க மதிப்புகளின் சராசரி ஒன்றை ஒட்டியே இருப்பதை 1926-ல் ஃபிஷர் எடுத்துக்காட்டினார். டெலாவர் அட்டவணையில் இதே முறையில், வரிசையிலும் நெடுவரிசையிலும் நான்கில் ஒன்று கழித்து வரும் மூன்றை மூன்றால் பெருக்க, கட்டின்மை எண் 9.

வகுப்பில் நான் வரலாற்றைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. எத்தனை கட்டங்கள் உண்மையிலேயே சுதந்திரமானவை என்று எண்ணத் தெரியாமல் ஒரு மேதை 20 ஆண்டுகளுக்கும் மேலாகத் தவறாக ஒப்பிட்டிருக்கிறார். எதை ஒன்று என்று எண்ணுகிறோம் என்ற அந்தக் கேள்வி இந்தச் சோதனையின் ஒவ்வொரு மூலையிலும் திரும்பத் திரும்ப எழுகிறது. மாணவியின் அட்டவணைகளில் அது முதலில் சதவீதமாக வந்து நின்றது.

சில அட்டவணைகளில் அவர் ஆட்களின் எண்ணிக்கைக்குப் பதில் சதவீதங்களை உள்ளிட்டிருந்தார். டெலாவர் தரவை அப்படி நூற்றுக்கு மாற்றிக் கணக்கிட்டால் 138.29 என்பது 23.36 ஆகக் குறைந்துவிடும், ஏனென்றால் 592 பேரைக் கேட்டுவிட்டு 100 பேரைக் கேட்டதாக மென்பொருளிடம் சொல்லிவிடுகிறோம். அதே சதவீதங்கள் 5,920 பேரிடம் கிடைத்திருந்தால் மதிப்பு 1,382.9 ஆகியிருக்கும். ஆட்களின் எண்ணிக்கை கூடக்கூட மதிப்பும் கூடும் என்பதால், கை-வர்க்க மதிப்பு பெரிதாக இருப்பதை வைத்துத் தொடர்பு வலுவானது என்று எழுதக்கூடாது. வலுவைச் சொல்ல வேறு அளவை வேண்டும். ஸ்வீடன் நாட்டுக் கணிதவியலாளர் ஹரால்ட் கிராமேர் 1946-ல் தந்த அளவை எளியது: கை-வர்க்க மதிப்பை ஆட்களின் எண்ணிக்கையாலும், வரிசை, நெடுவரிசை ஆகியவற்றில் எது குறைவோ அதில் ஒன்றைக் கழித்த எண்ணாலும் வகுத்து வர்க்கமூலம் எடுக்க வேண்டும். டெலாவர் தரவுக்கு அது 0.28. தொடர்பே இல்லையென்றால் சுழியும் முழுத் தொடர்பென்றால் ஒன்றும் வரும் என்ற அளவுகோலில் 0.28 என்பது கண்ணுக்குத் தெரிகிற, ஆனால் மிதமான தொடர்பு. 138 என்ற எண்ணைக் கண்டு வியந்தவர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கும்.

சிறிய கட்டங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. எதிர்பார்க்கப்படும் நிகழ்வெண் 5-க்குக் குறைவாக உள்ள கட்டங்கள் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது, எந்தக் கட்டத்திலும் அது 1-க்குக் கீழே போகக்கூடாது என்று வில்லியம் காக்ரன் 1954-ல் ஒரு வழிகாட்டு விதி தந்தார். அட்டவணையில் சுழியைப் பார்த்ததும் பதறுகிறவர்கள், அந்த விதி எதிர்பார்க்கப்படும் எண்ணைப் பற்றியதுதான், கண்டறிந்த எண்ணைப் பற்றியதல்ல என்பதைக் கவனிப்பதில்லை. விதியை நிறைவேற்ற வகைகளைச் சேர்க்கும்போது, பொருளில் நெருங்கியவற்றைச் சேர்க்க வேண்டும். மாணவி வட்டிக்காரரையும் உறவினரையும் சேர்த்துப் பிற என்று ஒரு வகை உருவாக்கியிருந்தார். இரண்டிலும் ஆட்கள் குறைவு என்பது மட்டுமே அதற்குக் காரணம். வட்டி வாங்காமல் கொடுக்கும் அண்ணனையும், பணம் கொடுக்கும்போதே வட்டியைப் பிடித்துக்கொள்கிறவரையும் ஒரே கட்டத்தில் உட்கார வைத்தால் அந்தக் கட்டம் எதைத்தான் சொல்லும்? எண்ணிக்கை மிகக் குறைவென்றால் வகைகளைக் குலைக்காமல் ஃபிஷரின் துல்லியச் சோதனையைப் பயன்படுத்தலாம். எட்டுக் கோப்பைத் தேநீரில் பால் முதலில் ஊற்றப்பட்டதா, தேநீர் முதலில் ஊற்றப்பட்டதா என்று சுவைத்தே சொல்லும் பெண்மணியைக் கொண்டு 1935-ல் அவர் விளக்கிய வழி அது.

அதற்குப் பிறகுதான் இன்னொன்றைக் கவனித்தேன். அட்டவணையின் அடிக் கூட்டுத்தொகை, படிவங்களின் எண்ணிக்கையை விட அதிகமாக இருந்தது. காரணம் கேட்டபோது, ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களைக் குறிக்கலாம் என்று வினாநிரலில் அனுமதித்திருந்ததாகச் சொன்னார். வாழ்க்கையைப் பொறுத்தவரை அது சரியான கேள்விதான். குழுவிலும் வாங்கி, போதாததற்கு நகையையும் வைத்து, மிச்சத்துக்கு வட்டிக்காரரிடமும் போகிற பெண்கள் ஏராளம். ஆனால் அவர் எண்ணியது குறிகளை. ஒரே பெண் மூன்று கட்டங்களில் மூன்று பேராக நின்றிருந்தார். கை-வர்க்கச் சோதனைக்கு ஒரு நபர் ஒரே ஒரு கட்டத்தில் ஒரே ஒரு முறைதான் இருக்க வேண்டும். குழுக் கடன் வாங்கினாரா இல்லையா, வட்டிக்காரரிடம் வாங்கினாரா இல்லையா என்று ஒவ்வோர் இடத்தையும் தனித்தனி அட்டவணையாக்கினால் இந்தச் சிக்கல் தீரும். கடைசியாக வாங்கிய கடன் எது என்று மட்டும் கேட்டாலும் தீரும். (இதே தவறு இன்னொரு வடிவிலும் வரும்: பயிற்சிக்கு முன்னும் பின்னும் அதே ஆட்களிடம் கேட்டுவிட்டு, இரண்டையும் இரு தனிக் கூட்டங்களாக வைத்துச் சோதிப்பது. அதற்கு மெக்நெமார் 1947-ல் தந்த சோதனை இருக்கிறது.)

இவையெல்லாம் திருத்தக்கூடியவை. உண்மையிலேயே என்னை நிறுத்தியது, படிவங்களை எப்படி நிரப்பினீர்கள் என்று கேட்டபோது அவர் சொன்ன விடை.

தமிழ்நாட்டில் சுய உதவிக் குழு இயக்கம் 1989-ல் தர்மபுரி மாவட்டத்தில் தொடங்கியது. ஒரு குழுவில் பன்னிரண்டு முதல் இருபது பெண்கள் இருப்பார்கள். மாணவி குழுக் கூட்டம் நடக்கும் நாளில் ஊருக்குப் போய், கோயில் மண்டபத்திலோ அங்கன்வாடியிலோ வட்டமாக அமர்ந்திருப்பவர்களிடம் வரிசையாகக் கேட்டு எழுதியிருக்கிறார். ஒவ்வொரு வீடாகத் தேடிப் போவதை விட அது எளிது. பேருந்து வசதி குறைந்த ஊர்களில் வேறு வழியும் இல்லை. முதலில் குழுவை வழிநடத்தும் ஊக்குநர் சொல்வார்: குழுக் கடன்தான் வாங்குகிறோம், ஒழுங்காகக் கட்டுகிறோம். அடுத்தவர் யோசித்து ஏதோ சொல்வார். மூன்றாமவரிடம் வரும்போது, "எனக்கும் அதையே எழுதிக்கோங்க" என்பார். நான்காமவர் தலையை மட்டும் ஆட்டுவார். பையில் மதியச் சாப்பாட்டை வைத்துக்கொண்டு வயல் வேலைக்குக் கிளம்ப நிற்கிறவர்களை இருத்தி வைத்து மேலும் கேட்க அவருக்கு மனம் வரவில்லை. இதை அவர் எதையும் மறைக்காமல் சொன்னார். கள ஆய்வுக்குப் போன யாருக்கும் இந்தக் காட்சி புதிதாக இருக்காது.

அந்த மண்டபத்தில் பதினைந்து பேர் இருந்தார்கள், பதினைந்து படிவங்கள் நிரம்பின. ஆனால் எத்தனை விடைகள் கிடைத்தன? ஒருவருடைய விடை இன்னொருவருடைய விடையைப் பாதிக்கவில்லை என்ற நம்பிக்கையின் மீதுதான் கை-வர்க்கச் சோதனையின் எல்லைக் கோடுகள் வரையப்பட்டிருக்கின்றன. அந்த நம்பிக்கை உடைந்தால் 16.92, 3.84 என்ற எண்கள் வெறும் எண்கள்தான். ஒருவர் மற்றவரைப் பார்த்துச் சொல்லாவிட்டாலும் கூட, ஒரே ஊர்க்காரர்கள் பல வகையில் ஒத்திருப்பார்கள். ஒரே வங்கிக் கிளை, ஒரே ரேஷன் கடை, வாரந்தோறும் வரும் அதே வசூல்காரர், அதே வட்டிக்காரர். ஒரே ஊரில் இருபது பேரைக் கேட்பதும் இருபது ஊர்களில் ஆளுக்கொருவரைக் கேட்பதும் ஒரே அளவு செய்தியைத் தராது.

இந்த இழப்பைக் கணக்கிட முடியும். ஓர் ஊரில் 22 பேரைக் கேட்கிறோம், ஊருக்குள் விடைகள் ஒத்திருக்கும் அளவு 0.1 என்று எடுத்துக்காட்டுக்காக வைத்துக்கொள்வோம். 21-ஐ 0.1-ஆல் பெருக்கி ஒன்றைக் கூட்டினால் 3.1. அதாவது இப்படிக் கேட்ட 3,100 பேர், தனித்தனியாகக் குலுக்கலில் தேர்ந்தெடுத்த 1,000 பேருக்குத்தான் சமம். வடிவமைப்பு விளைவு எனப்படும் இந்த 3.1 மடங்கு இழப்பைக் கண்டுகொள்ளாமல் வழக்கமான சோதனையை நடத்தினால், இல்லாத தொடர்புகள் எல்லாம் மிகைகாண் தன்மையோடு வெளிப்படும். 22 என்ற எண்ணை நான் சும்மா எடுக்கவில்லை. 2019 முதல் 2021 வரை நடந்த தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின் ஐந்தாம் சுற்றில், முதலில் ஊர்களையும் நகர்ப்புறத் தொகுதிகளையும் தேர்ந்தெடுத்து, பிறகு ஒவ்வொன்றிலும் 22 வீடுகளைத் தேர்ந்தெடுத்தார்கள். 6,36,699 குடும்பங்கள், 7,24,115 பெண்கள், 1,01,839 ஆண்கள் என்று விரிந்த அந்தத் தரவைப் பதிவிறக்கி, நேராகக் கை-வர்க்கச் சோதனைக்குள் போட்டு, எல்லாவற்றுக்கும் எல்லாவற்றோடும் தொடர்பு உண்டு என்று எழுதும் ஆய்வுகளைப் பார்த்து நான் வருந்தியிருக்கிறேன். ஏழு லட்சம் பேரில் எதுவும் மிகைகாண் தன்மை பெற்றுவிடும். யார் எந்தத் தொகுதி என்பதையும், ஒவ்வொரு விடையும் எத்தனை பேருக்காக நிற்கிறது என்று காட்டும் எடைகளையும் கணக்கில் எடுக்காவிட்டால் கேட்கவே வேண்டாம்.

இதற்கான திருத்தத்தைத் தந்தவர்களில் ஒருவர் இந்தியாவில் பிறந்தவர் என்பதை வகுப்பில் சொல்லும்போது எனக்கு மகிழ்ச்சியாக இருக்கும். கனடாவின் கார்ல்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜே. என். கே. ராவும், நியூசிலாந்தின் அலஸ்டர் ஸ்காட்டும் 1981-லும் 1984-லும் வெளியிட்ட கட்டுரைகளில், பியர்சனின் கை-வர்க்க மதிப்பை வடிவமைப்பு விளைவைக் கொண்டு எப்படிக் குறைத்துச் சரிசெய்ய வேண்டும் என்று காட்டினார்கள். இன்று ஆர், ஸ்டேட்டா ஆகிய மென்பொருள்களில் கணக்கெடுப்புக்கான கட்டளையைக் கொடுத்தால் ராவ்-ஸ்காட் திருத்தம் தானாகவே நடந்துவிடும். ஆனால் எந்தப் படிவம் எந்த ஊரிலிருந்து, எந்தக் குழுவிலிருந்து வந்தது என்று தரவில் ஒரு நெடுவரிசை இருக்க வேண்டும். மாணவியின் கோப்பில் அது இல்லை. படிவங்களின் மேல் மூலையில் பென்சிலால் குழுவின் பெயரை எழுதி வைத்திருந்தது மட்டும் நல்லகாலம்.

ஊரைக் குறித்து வைப்பதால் இன்னொரு பெரிய பயனும் உண்டு. கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் 1973-ஆம் ஆண்டு முதுநிலைச் சேர்க்கையைப் பற்றிப் பிக்கெல், ஹாமெல், ஓ'கானல் ஆகியோர் 1975-ல் எழுதிய கட்டுரை இதற்குச் சிறந்த சான்று. மிகப் பெரிய ஆறு துறைகளை மட்டும் எடுத்துக்கொண்டால், விண்ணப்பித்த 2,691 ஆண்களில் 1,198 பேருக்கு இடம் கிடைத்தது. 1,835 பெண்களில் 557 பேருக்குத்தான் கிடைத்தது. சதவீதத்தில் 44.5-க்கு எதிராக 30.4. கை-வர்க்க மதிப்பு 92.2, எல்லைக் கோடோ 3.84. பெண்களுக்கு அநீதி நடந்திருக்கிறது என்று உறுதியாக எழுதிவிடத் தோன்றும். துறைவாரியாகப் பிரித்துப் பார்த்தால் ஐந்து துறைகளில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. மீதியுள்ள துறையில் பெண்கள் 108 பேரில் 89 பேருக்கும், ஆண்கள் 825 பேரில் 512 பேருக்கும் இடம் கிடைத்திருக்கிறது. அங்கே கை-வர்க்க மதிப்பு 17.2, அதுவும் பெண்களுக்குச் சாதகமாக. எளிதில் இடம் கிடைக்கும் இரண்டு துறைகளுக்கு ஆண்களில் பாதிக்கு மேற்பட்டோர் விண்ணப்பித்திருந்தார்கள், பெண்களிலோ 133 பேர் மட்டுமே. பெண்கள் அதிகம் நாடிய துறைகளில் யாருக்குமே இடம் கிடைப்பது கடினமாக இருந்தது. பெண்கள் ஏன் அந்தத் துறைகளை நாடினார்கள், அந்தத் துறைகளில் ஏன் இடங்கள் குறைவு என்பவை பெரிய கேள்விகள்; ஆனால் தேர்வுக் குழுக்களின் ஓரவஞ்சனை என்ற விடையை அந்த 92.2 தரவில்லை.

மாணவியின் கல்வி அட்டவணைக்கு இது நேராகப் பொருந்தும். மேல்நிலைப் படிப்பு முடித்த பெண்கள் வங்கியில் அதிகம் கடன் வாங்குவதாக அவருடைய கட்டங்கள் காட்டின. அவர்கள் எந்த ஊர்களில் இருக்கிறார்கள் என்று பென்சில் குறிப்பைக் கொண்டு பிரித்தபோது, பலர் பேருந்துச் சாலையை ஒட்டிய, வங்கிக் கிளை உள்ள ஊர்களில் இருந்தார்கள். பள்ளிக்கூடமும் அங்கேதான், வங்கியும் அங்கேதான். உள்ளடங்கிய ஊர்களை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்தால் கல்வியால் வந்த வேறுபாடு வெகுவாகச் சுருங்கிவிட்டது. கல்வி பெற்றால் வட்டிக்காரரிடம் போக மாட்டார்கள் என்று அவர் எழுத எண்ணியிருந்த பரிந்துரை, வங்கிக் கிளை இல்லாத ஊர்களைப் பற்றிய பரிந்துரையாக மாறியது.

அட்டவணைகளின் எண்ணிக்கையைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. தொடர்பே இல்லாத இருபது இணைகளை 5 சதவீத நிலையில் சோதித்தால், சராசரியாக ஒன்று தற்செயலாகவே மிகைகாண் தன்மை காட்டும். அவர் எல்லாவற்றையும் எல்லாவற்றோடும் குறுக்கே வைத்திருந்தார். ஆய்வைத் தொடங்கும் முன்பே எந்தக் கேள்விகளைக் கேட்கத் திட்டமிட்டிருந்தார் என்று ஆய்வு முன்மொழிவை எடுத்துப் பார்த்து, அவற்றை மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னேன். நான்காம் இயல் பாதியாகக் குறைந்ததில் அவருடைய நெறியாளருக்கு முதலில் உடன்பாடில்லை என்றும், கட்டங்களைத் தனித்தனியாக விளக்கிய பத்திகளைப் படித்த பிறகு ஏற்றுக்கொண்டார் என்றும் பின்னர் கேள்விப்பட்டேன்.

மாணவிக்கு இன்னும் சில ஊர்களில் கள வேலை மீதமிருந்தது. அந்த ஊர்களில் கூட்டத்தில் எதையும் கேட்காமல், அங்கே அறிமுகம் மட்டும் செய்துகொண்டு, மாலையில் வீடு வீடாகப் போய்க் கேட்பதென்று முடிவு செய்தார். கடைசியாக வாங்கிய கடன் எது என்ற ஒற்றைக் கேள்வியைச் சேர்த்துக்கொண்டார். ஏற்கெனவே முடித்திருந்த ஓர் ஊருக்கும், படிவங்களைச் சரிபார்ப்பதற்காக ஒரு முறை திரும்பிப் போனார்.

அங்கே, முதல் முறை கூட்டத்தில் "எனக்கும் அதையே எழுதிக்கோங்க" என்று சொன்ன பெண்களில் ஒருவர், வாசலில் வெங்காயம் உரித்துக்கொண்டு இருந்திருக்கிறார். கேள்வியைக் கேட்டதும் உள்ளே மாமியார் இருக்கிறாரா என்று திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, மகளின் கல்லூரிக் கட்டணத்துக்காக வட்டிக்காரரிடம் வாங்கியதைச் சொல்லியிருக்கிறார். ஊக்குநருக்குத் தெரிந்தால் அடுத்த சுற்றுக் குழுக் கடனில் தன் பெயர் வராது என்றும் சொல்லியிருக்கிறார். மறுநாள் மாணவி என் அறையில் அமர்ந்து, பழைய தொகுப்புத் தாளில் குழுக் கடன் என்ற கட்டத்தில் இருந்த ஒரு நேர்க்கோட்டுக் குறியை அழித்துவிட்டு, உறவினரிடமிருந்து பிரித்துத் தனியாக்கியிருந்த வட்டிக்காரர் கட்டத்தில் அதைப் போட்டார். பிறகு அந்தக் குழுவின் மற்றப் படிவங்களை எடுத்து, எந்தெந்த வீடுகளுக்கு இன்னும் போக வேண்டும் என்று பட்டியல் எழுதத் தொடங்கினார்.